லீவு கிடைத்தால் வீட்டிலேயே இருப்பவர் எந்த வகைப் பயணி?

கேள்வி கேட்டவர் வெள்ளவத்தைக்காரர், வயது 29, கணக்கியல் வேலை. மக்கள் ஏன் பயணம் போகிறார்கள், பயணிகளில் எத்தனை வகை, அதில் தான் எந்த வகை என்று கேட்டிருக்கிறார். கூடவே மூன்று விவரங்கள் தந்திருக்கிறார். நண்பர்கள் வான் பிடித்து, கிழக்குக் கரையில் அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்பைக்குப் போகக் கூப்பிடுகிறார்கள், இவருக்கு மனம் வரவில்லை. இணையத்தில் ஒரு பரீட்சை செய்து பார்த்ததில் ‘பாதுகாப்பைத் தேடும் வகை’ என்று வந்துவிட்டது. அப்பா வருடாவருடம் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர், ஆனால் கேட்டால் “நான் எங்க பயணம் போனனான்?” என்கிறாராம். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால், உண்மையில் கேட்கப்படுவது வேறு என்று எனக்குப் படுகிறது. எல்லோரும் ஆசைப்படுகிற ஒன்றில் எனக்கு ஆசை வரவில்லையே, என்னில் ஏதாவது குறையா என்பதுதான் கேள்வி. குறை ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கொழும்பில் பல வருடங்களாகச் சுற்றுலா வழிகாட்டி. கொள்ளுப்பிட்டியில் உள்ள சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தில் பயிற்சி எடுத்து, உரிமப் பத்திரம் பெற்று, வெளிநாட்டவரையும் புலம்பெயர்ந்து போய்த் திரும்பிப் பார்க்க வரும் நம்மவரையும் கூட்டிக்கொண்டு நாடு சுற்றுவது தொழில். இந்தியாவுக்கு யாத்திரைக் குழுக்களோடும் போய் வந்திருக்கிறேன். என் அனுபவத்துக்கு ஒரு சாய்வு உண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கைட்டுக்குக் காசு கொடுக்கிறவர்களைத்தான் நான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவரை ரயில் நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ கொஞ்ச நேரம்தான் சந்தித்திருக்கிறேன். ஆகவே கீழே ‘நான் பார்த்தது’ என்று சொல்லும் இடங்களை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பரீட்சை. எந்தப் பரீட்சை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஆட்களை ஒரே கோட்டில் நிறுத்தி, இந்த முனையில் பாதுகாப்பைத் தேடுபவர், அந்த முனையில் துணிந்து கிளம்புகிறவர் என்று அளக்கும் பழக்கம் ஸ்டான்லி பிளாக் என்ற அமெரிக்க ஆய்வாளரிடமிருந்து வந்தது. 1960களின் பிற்பகுதியில் விமான நிறுவனங்களுக்கு ஒரு கவலை இருந்தது: கையில் காசு வைத்துக்கொண்டும் இத்தனை பேர் ஏன் விமானத்தில் ஏறாமல் இருக்கிறார்கள்? அதற்கு விடை தேடப் போய்த்தான் பிளாக் இந்த அளவுகோலைச் செய்தார். 1974இல் கட்டுரையாக வெளியிட்டார். பெரும்பாலானோர் நடுவில்தான் நிற்கிறார்கள் என்றும் அவரே சொன்னார், அதை இணையப் பரீட்சைகள் வசதியாக விட்டுவிடும். டிக்கெட் விற்பவருடைய கவலையில் பிறந்த அளவுகோல், டிக்கெட் வாங்காதவரைப் பயந்த சுபாவம் என்று எழுதுவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 1990இல் ஏழு நாடுகளின் தரவுகளை வைத்து இதைச் சோதித்த ஓர் ஆய்வில், ஆளின் குணமும் அவர் தேர்ந்தெடுத்த இடமும் பிளாக் சொன்னபடி பொருந்தவில்லை. சோதித்த முறை சரியில்லை என்று பிளாக் பதில் எழுதினார். ஆக, அது இன்னும் சர்ச்சையில் உள்ள விஷயம். ஒருவருடைய குணத்துக்குச் சான்றிதழாக அதைச் சுவரில் மாட்ட வேண்டியதில்லை.

பிளாக்கின் கருத்தில் எனக்குப் பயன்பட்ட பகுதி வேறொன்று. ஓர் ஊர் எப்படிப் பெயர் எடுத்து, எப்படி நெரிசலாகி, எப்படி அலுத்துப் போகிறது என்பதை அவர் விளக்கினார். முதலில் ஒன்றிரண்டு பேர் வழி தெரியாமல் போய்ச் சேருவார்கள், பிறகு அவர்களிடம் கேட்டவர்கள், அதற்குப் பிறகு ஹோட்டல், அதற்குப் பிறகு பஸ் நிறையக் கூட்டம். அப்போது முதலில் வந்தவர்கள் வேறிடம் தேடிப் போயிருப்பார்கள். ஹிக்கடுவையில் இது நடந்ததைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். அறுகம்பையில் நடந்துகொண்டிருப்பதை நானே பார்க்கிறேன்.

வகைப்படுத்தல்களில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது எரிக் கோஹன் என்ற சமூகவியலாளர் 1972இல் செய்தது. எல்லாம் ஏற்பாடு செய்த குழுவோடு போகிறவர், ஏற்பாட்டைக் கொஞ்சம் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்கிறவர், தானே வழி தேடுகிறவர், போக்கிடம் இல்லாமல் அலைகிறவர் என்று நான்கு. இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது நான்கு பெயர்களை அல்ல, அவற்றுக்கு அடியில் அவர் வைத்த கேள்வியை: பழக்கப்பட்டது எவ்வளவு வேண்டும், புதியது எவ்வளவு வேண்டும்? வெளியூர் போனாலும் நம் வீட்டுச் சூழலை ஒரு குமிழி மாதிரி நம்மைச் சுற்றிக் கொண்டுபோகிறோம் என்றார் கோஹன். இது நூற்றுக்கு நூறு உண்மை. இந்திய யாத்திரைக் குழுக்களோடு சமையற்காரரும் அரிசி மூட்டையும் மிளகாய்த்தூள் டின்னும் போகும். வாரணாசியில் இறங்கியதும் முதல் கேள்வி “சோறு எத்தனை மணிக்கு?” என்பதுதான். அந்த அம்மாமார் கங்கையில் நின்று அழுததையும் பார்த்திருக்கிறேன். சோற்றுக்காகக் கவலைப்பட்டவர்தானே என்று அந்த அழுகையை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. மறுபுறம், எந்தக் குமிழியும் வேண்டாம் என்று புறப்பட்ட அலைகிற கூட்டத்துக்கும் விரைவிலேயே தனி விடுதி, தனிக் கடை, தனி வழித்தடம் எல்லாம் உருவாகிவிட்டன என்று கோஹனே 1973இல் எழுதினார். இன்று அறுகம்பையில் கிடைக்கும் காலை உணவுப் பட்டியலைப் பார்த்தால், அதை எழுதி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்று நம்ப முடியாது.

மிக உறுதியாகச் சொல்லக்கூடியது, பலருக்கும் சுவாரஸ்யமில்லாத ஒன்று. உலகம் முழுவதும் புள்ளிவிவரத்துக்காகப் பயணங்களை நோக்கத்தால் பிரிக்கிறார்கள்: விடுமுறை, உறவினர் நண்பரைப் பார்ப்பது, மதம், வைத்தியம், படிப்பு, தொழில், கடைக்குப் போவது, இப்படி. வழக்கமாக வாழும் சூழலை விட்டு ஒரு வருடத்துக்குக் குறைவாகப் போய், அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யாமல் திரும்பினால் அது இந்தக் கணக்கில் வரும். இதன்படி கட்டுநாயக்காவில் வந்திறங்கும் டொரொண்டோ மாமியும் சுற்றுலாப் பயணிதான். அவர் தங்கை மகளின் கல்யாணத்துக்கு வருவார், அப்படியே நல்லூர்த் திருவிழாவில் நாலு நாள் நிற்பார், கொழும்பில் பல் கட்டுவார், செட்டியார் தெருவில் நகை பார்ப்பார், கடைசி இரண்டு நாள் நுவரெலியாவில் குளிரில் உட்கார்ந்திருப்பார். வருகைக்காக நிரப்பும் படிவத்தில் அவர் ஒரு நோக்கத்தைத்தான் குறிப்பார். வகைகள் பற்றிய எல்லாப் பேச்சிலும் உள்ள பலவீனம் இதுதான். வகை என்பது பயணத்தின் ஒரு பகுதிக்குப் பொருந்தும், சில சமயம் ஒரு நாளுக்குப் பொருந்தும். ஆளுக்குப் பொருந்துவது அபூர்வம்.

சரி, நோக்கம் ஒன்று, உள்ளே இருக்கும் காரணம் இன்னொன்று. 1970களின் கடைசியில் டான், க்ரொம்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் துருவினார்கள். போகும் இடம் நம்மை இழுப்பது ஒரு விசை, இருக்கும் இடம் நம்மைத் தள்ளுவது இன்னொரு விசை. கடற்கரையும் மலையும் இழுப்பவை. சலிப்பு, தனிமை, உறவை ஒட்டவைக்க வேண்டிய தேவை, கொஞ்சம் மதிப்புத் தேடுவது, தன்னையே சோதித்துப் பார்க்கும் ஆசை, பெரியவர்கள் சின்னப் பிள்ளைபோல நடந்துகொள்ள ஓர் இடம், இவையெல்லாம் தள்ளுபவை. எங்கே போவது என்பதை இழுப்பது தீர்மானிக்கும், போவதா இல்லையா என்பதைத் தள்ளுவதுதான் தீர்மானிக்கும். டான் இன்னொன்றும் சொன்னார்: காரணத்தைக் கேட்டால் பயணி யோசிக்க விரும்பாமல் இருக்கலாம், யோசித்தும் பிடிபடாமல் இருக்கலாம், தெரிந்தும் சொல்ல விரும்பாமல் இருக்கலாம், சொல்ல வராமலும் இருக்கலாம். என் தொழிலில் இதற்கு ஒவ்வொரு மாதமும் சாட்சி கிடைக்கும். முதல் நாள் வானில் ஏறும்போது “உங்கள் கலாசாரத்தைப் பார்க்க வந்தோம்” என்பார்கள். மூன்றாம் நாள், தம்புள்ளைக்கும் கண்டிக்கும் நடுவில் பின்னால் எல்லோரும் தூங்கும் நேரம், முன் ஆசனத்தில் இருப்பவர் மெதுவாகத் தொடங்குவார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அல்லது அம்மா போன பிறகு அந்த வீட்டில் கிறிஸ்மஸ் கொண்டாட முடியவில்லை. அல்லது டாக்டர் ஒரு அறிக்கை தந்திருக்கிறார்.

இப்போது உங்கள் அப்பாவிடம் வருகிறேன். ஜூன், ஜூலையில் பொத்துவிலிலிருந்து பாணமைக்குப் போகும் வீதியில் ஒரு காலை நேரம் நின்றுபாருங்கள். அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் ஏப்ரல் வாக்கில் தொடங்கி ஒக்டோபர் வரை போகிறது. கதிர்காமத்துப் பாத யாத்திரையும் அதற்குள்தான் வருகிறது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்காக நடந்து வருகிறவர்கள், மட்டக்களப்பிலும் திருக்கோவிலிலும் சேர்ந்துகொண்டவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் உகந்தை முருகன் கோவிலுக்குப் போகிறார்கள். காட்டுப்பாதை திறக்கும்வரை உகந்தையில் தங்கி, பிறகு குமண, யால காடுகளுக்குள்ளால் நடப்பார்கள். ஒரு பக்கம் பலகையைக் கூரையில் கட்டிய ஓட்டோக்கள், மறுபக்கம் வேலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெறுங்காலோடு போகும் அம்மாமார். இரண்டு கூட்டமும் ஒரே வெயிலில், ஒரே கடையில் இளநீர் குடிக்கும்.

பார்த்தவுடன் இது பக்திப் பயணம், அது உல்லாசப் பயணம் என்று பிரித்துவிடலாம். பேச்சுக் கொடுத்தால் பிரிவு கலைந்துபோகும். நடப்பவர்களில் பிள்ளைக்கு நோய் மாறியதற்கு நேர்த்தி வைத்தவர் இருப்பார். மனைவி வைத்த நேர்த்திக்குத் துணையாக வந்தவர் இருப்பார். காடு பார்க்க வேறு வழியில்லை என்று வந்த பெடியன்கள் இருப்பார்கள். வருடத்தில் இந்த நாட்களில்தான் மனம் நிம்மதியாக இருக்கிறது, வீட்டுப் பிரச்சினை பின்னாலேயே வருவதில்லை என்பவரும் இருப்பார். அலைக்கு வந்தவர்களிடம் கேளுங்கள், கிட்டத்தட்ட அதே வார்த்தைகள் வரும்: கடலுக்குள் நிற்கும்போது வேறு ஞாபகம் வருவதில்லை. சில வெளிநாட்டவர் பாத யாத்திரையில் சேர்ந்து நடப்பதும் உண்டு, அவர்களை எந்தப் பெட்டியில் போடுவது? கோஹனே பிறகு 1979இல், வெறும் பொழுதுபோக்கிலிருந்து வாழ்வின் மையத்தையே வேறோர் இடத்தில் காண்பதுவரை ஒரு வரிசை போட்டார். அந்த வரிசையின் கடைசி முனையில் நிற்பவர் உங்கள் அப்பா. தான் பயணமே போகாதவர் என்று அவர் நினைப்பதற்கு நாங்களும் காரணம். விமானம் ஏறாதவரை அது கணக்கில்லை என்று வீட்டுக்கு வீடு பேசிப் பழக்கிவிட்டோம்.

இன்ப உலா என்பதே அண்மைக் காலத்துப் பழக்கம் என்றும் சொல்வார்கள். அது பாதி சரி. தொல்காப்பியம் தலைவன் வீட்டை விட்டுப் பிரிந்து போவதற்குக் காரணங்கள் அடுக்கும்போது படிப்பு, போர், தூது, பொருள் என்று போகிறது, சும்மா ஊர் பார்க்க என்று ஒன்று கிடையாது. ஆனால் ஒரு காரணத்துக்காகப் புறப்பட்டவர் அதோடு நின்றுவிடுவதில்லை. 1325இல் 21 வயதில் மக்காவுக்கென்று மொரோக்கோவிலிருந்து கிளம்பிய இபின் பதூதா, ஹஜ்ஜை முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தால் 1344இல் புத்தளம் பக்கம் வந்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்திருக்க மாட்டார். என்ன வேண்டும் என்று அரசர் கேட்டபோது, சிவனொளிபாத மலையில் உள்ள பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்றார். அரசர் பல்லக்கும் துணைக்கு யோகிகளும் பிராமணரும் சுமையாட்களும் கொடுத்தனுப்பினார். இடைப்பட்ட வருடங்களில் டில்லியில் நீதிபதி வேலை, மாலைதீவில் நீதிபதி வேலை, கல்யாணங்கள். ஒரே ஆள், எத்தனை வகை!

உங்களுக்கு இன்னும் நெருக்கமானவர் சீனத் துறவி பாஹியான் என்று நினைக்கிறேன். துறவிகளுக்கான ஒழுக்க நூல்களைத் தேடி 399இல் புறப்பட்டு, பாலைவனமும் மலையும் தாண்டி, வட இந்தியா முழுக்க நடந்து, கப்பலேறி இலங்கைக்கு வந்து அனுராதபுரத்தில் இரண்டு வருடம் இருந்தார். அங்கே ஒரு நாள் புத்தர் சிலைக்கு அருகில் ஒரு வணிகர் காணிக்கையாக வெள்ளைப் பட்டு விசிறி வைப்பதைக் கண்டார். சீனத்து விசிறி. கண்ணீர் வந்துவிட்டது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். வீட்டு ஞாபகம் பிடித்து உலுக்குகிறவருக்குப் பயணம் சரிவராது என்று யாராவது சொன்னால், எனக்கு இந்த விசிறிதான் நினைவுக்கு வரும்.

சந்தேகத்தோடு கேட்க வேண்டிய விஷயங்களும் உண்டு. ‘ஊர் சுற்றும் மரபணு’ என்று ஒன்று இணையத்தில் அடிக்கடி வலம் வரும். மூளையில் வேலை செய்யும் டோபமின் என்ற இரசாயனத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவின் ஒரு வடிவம், மிகப் பழங்காலத்தில் நெடுந்தூரம் குடிபெயர்ந்த மக்கள் கூட்டங்களில் அதிகம் காணப்படுவதாக 1999இல் ஓர் ஆய்வு வந்தது. அது மக்கள் கூட்டங்களைப் பற்றிய ஒப்பீடு. உங்கள் நண்பர் ஏன் மாதம் ஒருமுறை எல்லவுக்குப் போகிறார் என்பதற்கு அதில் விடை இல்லை. பயணம் ஆளை மகிழ்ச்சியாக்கும் என்பதும் முழு உண்மையல்ல. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், விடுமுறைக்குப் போக இருந்தவர்கள் போவதற்கு முன்னரே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பிய பிறகு பெரும்பாலானோருக்கு வித்தியாசம் இல்லை, மிக நிம்மதியான விடுமுறை கிடைத்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் நீடித்தது. 1997இல் வந்த இன்னோர் ஆய்வு, பயணத்தின்போது இருந்த எரிச்சல்கள் திரும்பிய பின் நினைவில் மங்கி, நடந்ததைவிட இனிப்பாகவே அது ஞாபகத்தில் தங்குகிறது என்று காட்டியது. நண்பர்கள் போனில் காட்டும் படங்களைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள்.

படத்துக்காகவே போகிறார்கள் என்று இளையவர்களை ஏசுவது இப்போது ஒரு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோட்டையில் இரவு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, தனுஷ்கோடி வழியாக இந்தியா போய் வந்த காலம் ஒன்று இருந்தது. 1914இல் தொடங்கிய அந்தப் பாதை, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை ஓடியது. போனவர் மதுரையில் சாமி கும்பிட்டார் என்பது உண்மைதான். வாங்கி வந்த சேலையை அக்கம்பக்கத்துக்குக் காட்டாமல் எந்த வீட்டில் விட்டார்கள்? மதிப்புத் தேடுவது பழைய காரணம், இப்போது அது போனுக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, நீங்கள் எந்த வகை? உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி போகிற போக்கில் இருக்கிறது: வருடத்தில் இரண்டு மூன்று தரம் யாழ்ப்பாணம் போகிறேன், ஆனால் அது பெரியம்மா வீட்டுக்கு. அதுவும் பயணம்தான், உலகக் கணக்கில் தனி நிரலே உள்ள பயணம். நான் உங்களிடம் கேட்கும் கேள்வி, அங்கே போகும்போது உங்களுக்குப் பிடித்த பகுதி எது என்பது. இரவு பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு யாரோடும் பேசாமல் போவதா? பெரியம்மாவின் சமையலா? சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியே கடற்கரைப் பக்கம் போவதா? உங்களைத் தள்ளும் விசை அந்தப் பதிலில்தான் இருக்கிறது. நான் பார்த்த அளவில், பயணம் பிடிக்காது என்று சொல்பவர்களில் பலருக்குப் பிடிக்காதது இடமாற்றம் அல்ல. கூட்டமாய்ப் போவதும், அடுத்தவர் போட்ட நேர அட்டவணையும், சிரித்த முகத்தோடு இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும்தான். உண்மையிலேயே வீட்டில் இருப்பதுதான் ஓய்வு என்கிறவர்களும் இருக்கிறார்கள். வாரம் ஆறு நாள் பஸ்ஸில் நசுங்கி வேலைக்குப் போகிறவருக்குப் போயா தினத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு படுப்பது நியாயமான ஆசை.

அறுகம்பைக்குப் போவதா வேண்டாமா என்று நீங்கள் நேரே கேட்கவில்லை, இருந்தாலும் என் கருத்து: போவதானால் வானில் போகாதீர்கள். எட்டுப் பேர் வானில் ஒருவர் சாப்பிட இறங்கினால் எட்டுப் பேரும் இறங்க வேண்டும். கொழும்பிலிருந்து பொத்துவிலுக்கு இரவு பஸ் இருக்கிறது, ஒரு நாள் பிந்திப் போய்ச் சேருங்கள். அறையைப் பங்கு போடாமல், சின்னதாக இருந்தாலும் தனியாக எடுங்கள். அவர்கள் அலைக்குப் போகும் நாளில், ஓர் ஓட்டோ பேசிக்கொண்டு உகந்தைக்குப் போய்ப் பாருங்கள். யாத்திரைக் காலமாக இருந்து அப்பா அப்போது அங்கே தங்கியிருந்தால், போகும் முன் அவருக்கு ஒரு போன் எடுத்து என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாணமைக்கு அப்பால் கடைகள் குறைவு, தண்ணீர் கொண்டு போக வேண்டும். யானை நடமாடும் பகுதி என்பதால், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஓட்டோக்காரரிடம் முதலிலேயே பேசிவையுங்கள்.